ராஜா வீட்டு ஜாகா

தங்காக்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் துணி வாங்கத்தான் வருகிறார்கள் என்று வெளியூரில் ஒரு நினைப்பு. சிலர் கச்சாங் ஆபீசுக்கும் வருவதுண்டு. அதன் முழுப்பெயர் தென்வட்டாரப் பயறுகுல மேன்மை ஆய்வுக் கழகம். இதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களுக்குத்தான் அங்கே வேலை கிடைக்கும் என்று பேச்சு. ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. மலாய்க்காரர்கள் கச்சாங் என்கிற பயித்தங்காயைப் பற்றி ஆராய்கிற ஆபீஸ், அதனால் கச்சாங் ஆபீஸ்.

கழகத்து வாசலில் ஒரு வளைவு. சிமெண்டில் செய்த இரண்டு பயித்தங்காய்கள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு டி.என்.ஏ. மாதிரி மேலே ஏறும். நடுவே தங்க எழுத்தில் 'கிருபா-1' என்றிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ சாமி பெயர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பெரிய தப்பில்லை. கழகத் தலைவர் டத்தோ டாக்டர் கிருபானந்தன் கண்டுபிடித்த மார்க்கரின் பெயர் அது. செடியின் இலையைக் கிள்ளி அரைத்து, அதன் மரபணுவைப் பிரித்துப் படம் எடுப்பார்கள். வைரஸைத் தாங்கும் குணம் உள்ள செடி என்றால் படத்தில் ஓர் இடத்தில் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு டத்தோ தன் பெயரையே வைத்துவிட்டார். பெற்ற பிள்ளைகள் இருவரும் பெர்த்தில் இருக்கிறார்கள். கோடுதான் கூட இருந்தது.

தனலெட்சுமி அந்த வளைவுக்குக் கீழே முதல்முறை வந்து நின்றபோது கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. வாளிக்குள் வேரோடு பிடுங்கிய பயித்தங்கொடி. இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து, காய்கள் பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தன.

"உங்களுக்கு பாஸ் தரேன்க்கா," என்றார் ஜாகா கனகராஜ். வாசல் காவலுக்கு நிற்பவர், சட்டை கசங்காதவர். "செடிக்கு யார் தருவா?"

"செடிக்கு எதுக்குங்க பாஸ்?"

"செடி, கொடி, இலை, விதை, எது இந்த வாசலைத் தாண்டினாலும் சிவப்பு பாஸ் வேணும். மூணு கையெழுத்து. உள்ள வர ஒரு பாஸ், வெளிய போக ஒரு பாஸ்."

பாஸ் எழுதினார்கள். வருகையாளர் பெயர்: பயித்தங்கொடி. வருகையின் நோக்கம்: நோய்.

தனலெட்சுமி மாசாய் ஃபிளாட்டில் குடியிருந்தவள். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை. விளக்கு எரிந்தால் பச்சை ஸ்டிக்கர், எரியாவிட்டால் சிவப்பு. ஒருநாள் தொழிற்சாலை வியட்நாமுக்குக் கிளம்பியது. இவளைக் கூப்பிடவில்லை. புருஷன் மூர்த்தி சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்க, இவள் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு தங்காக்கிற்கு வந்து, தவுக்கே ஆ செங் என்ற சீன முதலாளியிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயித்தங்காய் போட்டாள். இரண்டு போகமும் வெள்ளை ஈ வந்தது. வெள்ளை ஈயோடு மஞ்சள் தேமல் வந்தது. ஆ செங் கோபக்காரர் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: இந்த முறையும் இப்படியே ஆனால் டுரியான் கன்று இறக்கிவிடுவேன்.

அதனால்தான் வாளியும் கையுமாக வந்து நின்றாள்.

கழகத்தில் அவளைக் கொண்டாடினார்கள். நிஜமான விவசாயி ஒருவர் தானாக உள்ளே வந்து நெடுநாள் ஆகியிருந்தது. அவளைப் 'பங்கேற்பு விவசாயி' ஆக்கி, மேடையேற்றி, வெல்வெட் தட்டில் 'வஜ்ரா' என்ற நோய் தாங்கும் ரகத்தின் விதைகளை டத்தோ கையாலேயே கொடுத்தார்கள். போட்டோ எடுத்து முடித்ததும் ஒருவர் வந்து தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அது எனக்குக் கொடுத்ததுங்க."

"இது மேடை விதைம்மா. எல்லா விழாவுக்கும் இதுதான். நடுற விதை ஸ்டோர்ல இருக்கு, மண்டே வாங்க."

அன்றைக்கு டத்தோ பேசினார். அவர் குரல் நன்றாக இருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மரபணு என்பது ராஜா! ராஜா சாமான்யமா வெளிய வர மாட்டார். நாம பார்க்க முடியாது. ஆனா ராஜா வீட்டு வாசல்ல ஒரு காவல்காரன் நிக்கிறான் பாருங்க, அவன்தான் மார்க்கர். அவனைப் பார்த்தா போதும். ராஜாவைப் பார்த்த மாதிரி. வயல்ல போய் வெயில்ல நின்னு செடிக்கு நோய் வருதா வரலையான்னு பார்க்கிற காலம் மலையேறிப் போச்சு. இந்தக் கழகத்துல நாங்க வயலுக்குப் போறதே இல்லை! பெருமையா சொல்றேன்!"

கைதட்டல். கேள்வி நேரம் என்று ஒன்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. யாரும் கேட்பதில்லை என்பது வழக்கம். தனலெட்சுமிக்கு வழக்கம் தெரியாது.

"டத்தோ, எங்க மாசாய் ஃபிளாட்ல ஒரு ஜாகா இருந்தாரு. வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, அவரு பாட்டுக்கு வாசல்ல நிப்பாரு. ராஜா அந்த மாதிரி வீடு மாறிப் போயிட்டாருன்னா?"

சபை சிரித்தது. டத்தோவும் பெருந்தன்மையாகச் சிரித்தார். பின்வரிசையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் டாக்டர் பிரேமளா. கழகத்தில் இலை அரைக்கிற ஆய்வுக்கூடம் அவளுடையது.

திங்கட்கிழமை ஸ்டோரில் வஜ்ரா விதை கொடுத்தது பிரேமளாதான். கூடவே ஒரு சின்னப் பொட்டலம். "அக்கா, ஓரத்துல ஒரு வரிசை இதைப் போடுங்க. நோய் வாங்குற செடி ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் வஜ்ரா எவ்வளவு நல்லதுன்னு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதுக்காக."

அந்த வரிசைக்குக் கழகமே பலகை அடித்துக் கொடுத்தது. சிவப்புப் பலகை: 'நோய்வாங்கி'. மற்ற வரிசைகளுக்கெல்லாம் பச்சைப் பலகை: 'வஜ்ரா – நோய் தாங்கும் – கிருபா-1 சான்று பெற்றது'.

கொடி ஏறியது. பூத்தது. வெள்ளை ஈ வந்தது. பச்சைப் பலகைக்குப் பின்னால் இருந்த வஜ்ரா அத்தனையும் மஞ்சளாகித் தேமல் விழுந்து சுருண்டது. சிவப்புப் பலகைக்குப் பின்னால் நின்ற ஒற்றை வரிசை மட்டும் கரும்பச்சையாக, கைநீளக் காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.

ஆ செங் வந்து பார்த்தார். வஜ்ராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சிவப்புப் பலகை வரிசையில் ஒரு காயை ஒடித்து மென்று, "பாகுஸ், ரொம்ப நல்லா இருக்கு!" என்றார். அடுத்த போகம் முழுக்க இதையே போடு, நான் டுரியானை நிறுத்திவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். தனலெட்சுமி அந்த வரிசையில் காய் பறிப்பதை அன்றோடு நிறுத்தினாள். விதைக்கு விட்டாள். அந்தக் காய்கள் முற்றிக் காய்ந்தால் நிலம் அவளுக்கு. இல்லையென்றால் டுரியானுக்கு.

பிரேமளாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிரேமளா வரிசை நெடுக நடந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து, கடைசியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன டாக்டர், பலகையை மாத்தி நட்டுட்டாங்களா?"

"இல்லக்கா. நான்தான் பொய் சொன்னேன். இது நோய்வாங்கி இல்ல. நான் உருவாக்கின ரகம். நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, ராஜா வீடு மாறிட்டாருன்னா என்னன்னு? மாறித்தான் போயிட்டாரு. மார்க்கரும் மரபணுவும் பக்கத்துப் பக்கத்து வீடு. தலைமுறை தலைமுறையா கலக்கும்போது ரெண்டும் பிரிஞ்சு போகலாம். வஜ்ராவுல கோடு இருக்கு, தாங்கும் குணம் போயிடுச்சு. இதுல குணம் இருக்கு, அந்தக் கோடு இல்ல. ராஜாவுக்கு ரொம்ப கிட்டக்க வேற ஒரு மார்க்கர் நான் கண்டுபிடிச்சேன். நோயடிச்ச செடிங்களுக்கு நடுவுல வளர்த்தும் பார்த்தேன். டத்தோகிட்ட காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"மார்க்கரை மாத்தினா லெட்டர்ஹெட்டை மாத்தணும்னாரு. வளைவை இடிக்கணும். காப்பிக் கோப்பைங்க வேற நிறைய அடிச்சு வச்சிருக்காங்களாம். கிருபா-1 கோடு விழாத செடி எல்லாம் நோய்வாங்கின்னு தீர்மானம் போட்டு முடிச்சிட்டாங்க. நோய்வாங்கின்னு சொன்னாத்தான் இதை வெளிய அனுப்பப் பாஸ் கிடைச்சது."

"மிச்ச விதை வச்சிருக்கீங்கல்ல?"

பிரேமளா இல்லை என்று தலையாட்டினாள். "குளிர் அறையில ஒரு டின்ல வச்சிருந்தேன். போன வாரம் ஏதோ ஒரு விழாவுக்கு ஆர்க்கிட் மாலை வந்துச்சு. வாடாம வைக்க இடம் வேணும்னு என் தட்டைக் காலி பண்ணிட்டாங்க. டின்னைத் திருப்பிக் கொடுத்தாங்கக்கா. கழுவி."

தனலெட்சுமி சிவப்புப் பலகையைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் மின்பலகை சோதித்தவள். எரியாத பலகையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். இங்கே ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு வளைவு வைத்திருக்கிறார்கள்.

அவளே போன் போட்டுப் புகார் சொன்னாள். புகாரின் பேரில் கழகத்தின் உயர்நிலைக் குழு வயலுக்கு வந்தது. வெயிலில் அவர்களுக்குப் பழக்கமில்லாததால் ஆளுக்கொரு குடை, குடைக்கு ஓர் ஆள்.

டத்தோ வஜ்ராவை நெடுநேரம் பார்த்தார். "நோய் மாதிரி தெரியுது," என்றார் குழுவிடம். "தெரியறது வேற, இருக்கறது வேற. குறிச்சுக்குங்க."

"டத்தோ, காய் எல்லாம் சுருண்டு கிடக்கு, பாருங்க!"

"காய்தான்ம்மா சுருண்டிருக்கு. மார்க்கர் நேராத்தான் இருக்கு."

"மார்க்கரை நான் எந்தச் சந்தையில விக்கிறது?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. அறிவியல் உணர்ச்சிவசப்படாது." அவர் சிவப்புப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். முகம் மாறியது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பிடிக்காதவனைப் பார்த்த முகம். "இது என்ன இப்படி நிக்குது?"

"நல்லா இருக்குங்க டத்தோ. ஆரோக்கியமா இருக்கு."

"இல்லம்மா. ஆரோக்கியமா நடிக்குது. இதுக்குச் சான்று கிடையாது. சான்று இல்லாத ஆரோக்கியம் ரொம்ப ஆபத்து. இன்னைக்கு ஒரு செடி அனுமதி இல்லாம நல்லா இருக்கும், நாளைக்கு எல்லாச் செடியும் அப்படியே ஆரம்பிச்சா கழகம் எதுக்கு?"

இதைத் தன் வாயால்தான் சொன்னார். குழுவினர் எழுதிக்கொண்டார்கள். பிரேமளா ஏதோ பேச வாயெடுத்தாள். "டாக்டர், நீங்க வெயில்ல நிக்காதீங்க, வேனுக்குப் போங்க," என்றார் ஒருவர் அக்கறையாக.

அங்கேயே தீர்மானம் ஆனது. வஜ்ரா மஞ்சளாக இருப்பதால் அதற்கு 'சுவர்ண வஜ்ரா' என்று பெயர் மாற்றம். தங்க நிற இலை அதன் தனிச்சிறப்பு. கோலாலம்பூரிலிருந்து டான் ஸ்ரீ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்து அதை வெளியிடுவார். நோய்வாங்கி வரிசையைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

தனலெட்சுமி வரிசைக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க டத்தோ. காய் காயட்டும். அப்புறம் கொடியைப் பிடுங்கி நானே உங்க ஆபீசுல கொண்டாந்து போடுறேன். இதுல கை வச்சீங்க, உங்க டான் ஸ்ரீகிட்ட இந்த வஜ்ராவைக் காட்டி நானே பேசுவேன்."

குடைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"விழா முடியற வரைக்கும் ஆராய்ச்சிக் குழு இந்த வரிசையைத் தொடாது," என்றார் டத்தோ. "இது என் வார்த்தை."

வார்த்தையைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிக் குழு தொடவே இல்லை.

விழா அன்று விடிந்ததும் கழக வேன் வந்து தனலெட்சுமியை ஏற்றிக்கொண்டு போனது. ஒத்திகை. டான் ஸ்ரீ காரிலிருந்து இறங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். காரும் இல்லை, டான் ஸ்ரீயும் இல்லை. கனகராஜ் டான் ஸ்ரீயாக நடித்தார். அவருக்கு மாலை போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி குளிர் அறையில் வைத்தார்கள். ஒரு மாலை போடுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

நிஜ டான் ஸ்ரீ வந்தார். மேடையில் ஒரு தொட்டியில் ஒரே ஒரு பயித்தங்கொடி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக். இலைகளுக்குத் தங்க வர்ணம். டான் ஸ்ரீ அதன் மேலிருந்த பட்டுத்துணியை விலக்கினார். ஹாலில் இருந்த எல்லாரும் எழுந்து நின்று ஒரு வைரஸுக்குக் கைதட்டினார்கள்.

பிறகு விருந்து. அழைப்பிதழிலேயே போட்டிருந்தது: 'பங்கேற்பு விவசாயியின் தோட்டத்திலிருந்து நேரடியாக, சுவர்ண வஜ்ரா சம்பல்.' தனலெட்சுமி இலையில் விழுந்ததைப் பார்த்தாள். நீண்ட, நேரான, வெளுத்துப் பருத்த காய். சுருண்டது ஒன்றுகூட இல்லை.

அவள் பின்கட்டுக்கு ஓடினாள். தம்போயிலிருந்து வந்திருந்த சமையல்காரர் செல்லப்பன் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்கேர்ந்து வந்துச்சு இந்தக் காய்?"

"உங்க தோட்டம்தானேக்கா? காலையில விருந்தோம்பல் குழுப் பசங்க கொடியோட புடுங்கிட்டு வந்தாங்க. மஞ்சச் செடியில ஒண்ணும் தேறலையாம், இந்த வரிசைதான் காய்ச்சிருந்துச்சாம்." செல்லப்பனுக்குக் கோபம் வேறு பக்கம் இருந்தது. "அலமாக், எவன்க்கா இப்படி முத்த விடுவான்? நார் நாரா இருக்கு. குக்கர்ல வச்சும் வேகல. என் பேருதான் கெடுது."

வார்த்தை கொடுத்தது ஆராய்ச்சிக் குழு. பறித்தது விருந்தோம்பல் குழு. இரண்டுக்கும் வேறு வேறு ஃபைல்.

தனலெட்சுமி ஹாலுக்குத் திரும்பி வந்தபோது அவள் காதில் எதுவும் விழவில்லை. எல்லா வாய்களும் அசைவது மட்டும் தெரிந்தது. நூறு வாய்கள் அவளுடைய அடுத்த போகத்தை மென்றுகொண்டிருந்தன. டான் ஸ்ரீ பாதி மென்று, மேலும் முடியாமல், நாரை விரலால் இழுத்தார்.

"நார்ச்சத்து!" என்று டத்தோ மைக்கில் அறிவித்தார். "சுவர்ண வஜ்ராவில் இயற்கையாகவே நார்ச்சத்து அதிகம்!"

கைதட்டல். டான் ஸ்ரீ தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு மைக்கை வாங்கினார். மனிதர் கெட்டவரில்லை. தின்றதை நம்பினார். "காய் கொஞ்சம் கெட்டி. ஆனா நீளம், நிறம், புழு இல்ல, நோய் இல்ல. இது ஜோகூர் முழுக்கப் போகணும். எவ்வளவு விதை இருக்கு? நான் இப்பவே கேக்குறேன், எங்க இருக்கு விதை?"

டத்தோ ஸ்டோர்க்காரரைப் பார்த்தார். ஸ்டோர்க்காரர் வெல்வெட் தட்டைப் பார்த்தார். "அதை நம் பங்கேற்பு விவசாயியே சொல்வார்!" என்று டத்தோ சட்டென்று மைக்கைத் தனலெட்சுமியிடம் தள்ளினார். அவளிடம் முன்பே கொடுத்திருந்த அட்டையில் 'நன்றி, நன்றி, மிக்க நன்றி' என்று இருந்தது.

தனலெட்சுமி அட்டையை மடித்துக் காலடியில் போட்டாள்.

"விதை உங்க வயித்துல இருக்குங்க சார்," என்றாள். "இருந்ததே அவ்வளவுதான். இவங்க தங்கம்னு காட்டின செடி நோய் வந்து செத்துக்கிட்டு இருக்கு. நோய்வாங்கின்னு பலகை அடிச்ச செடி ஒண்ணுதான் பொழைச்சது. அதை விதைக்கு விட்டிருந்தேன். புடுங்கிட்டு வந்து உங்களுக்குச் சம்பல் வச்சிட்டாங்க. நல்லா மென்னு சாப்பிடுங்க. வேற கிடையாது."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

டத்தோ கண் இமைக்கிற நேரம்தான் தடுமாறினார். அடுத்த கணம் இரண்டு கையையும் தூக்கித் தட்ட ஆரம்பித்தார். "பார்த்தீங்களா! பார்த்தீங்களா! 'விதை உங்கள் வயிற்றில்!' நம் விவசாயிகளிடம் எவ்வளவு கவிதை இருக்கிறது!" ஹால் உடனே நிம்மதியாகி எழுந்து நின்று தட்டியது. டான் ஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாயாகவும் இருக்கலாம். மறுநாள் கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவானது: 'விதைகள் இறுதிப் பயனாளர்களிடம் முழுமையாகக் கொண்டுசேர்க்கப்பட்டன.'

அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு நடந்தாள். அழுகை வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கிறதற்குக் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் குப்பைப் பை. ஓர் உதை விட்டாள்.

பை கலகலவென்றது.

குனிந்து அவிழ்த்தாள். வாழையிலை, முட்டை ஓடு, இஞ்சித் தோல், அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் முறுகிக் காய்ந்த காய்கள்.

"அதையா எடுக்குறீங்க?" என்றார் செல்லப்பன். "அது சுத்தமா காஞ்சு போச்சுக்கா, கத்தியே இறங்கல. சம்பலுக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்டேன்."

பின்னால் யாரோ மண்டியிட்டார்கள். பிரேமளா. வெள்ளைக் கோட்டோடு குப்பைக்குள் முழங்கை வரை விட்டாள். "குலுக்கிப் பாருங்கக்கா. சத்தம் வர்றதை எல்லாம் எடுத்துக்குங்க. சத்தம் வராதது அவங்களுக்கு."

இரண்டு பேரும் குலுக்கிக் குலுக்கிப் பொறுக்கினார்கள். ஒரு போகத்துக்குக் காணாது. ஓரத்தில் நாலைந்து வரிசை வரும். அதிலிருந்து அடுத்த போகம். ஆ செங்கிடம் பேசிக்கொள்ளலாம். அவர் கண்ணால் பார்த்ததை நம்புகிற ஆள், கழகத்தில் சேர முடியாது.

"டாக்டர், நீங்க?"

"நான் உள்ள போறேன். வேற ரக விதைங்க இன்னும் ரெண்டு டின் குளிர் அறையில இருக்கு, அடுத்த மாலை வர்றதுக்குள்ள எடுக்கணும்." கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு போனாள்.

தனலெட்சுமி பையைத் தோளில் போட்டுக்கொண்டு வளைவுக்கு வந்தாள். கனகராஜ் நெஞ்சை நிமிர்த்தி நடுவாசலில் நின்றார். காலையில் டான் ஸ்ரீயாக இருந்த மிடுக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"என்னக்கா பையில? செடி, கொடி, இலை, விதை ஏதாவது?"

அவள் பையை இறக்கி வாயைத் திறந்து காட்டினாள். மேலே வாழையிலை. முட்டை ஓடு. சம்பல் வாடை குப்பென்று வந்தது.

"குப்பைங்க," என்றாள்.

கனகராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார். "குப்பைக்குப் பாஸ் வேணாம். போங்க, போங்க."

ராஜா அந்த வழியாகத்தான் வெளியே போனார், கறுப்புப் பைக்குள், முட்டை ஓட்டுக்குக் கீழே. உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாகா வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.